கருவி வளர்ந்தது, மனம் வளர்ந்ததா?



திருச்செந்தூர்ச் செந்திலாண்டவனை வழிபட்டுத் தூத்துக்குடி வழியாக ஊர் திரும்பும் அடியவர் பலர், துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைத் தொலைவிலிருந்தே கண்டு வியப்பதுண்டு. வீடு போன்ற சரக்குப் பெட்டிகளை அவை பூக்கூடையைத் தூக்குவது போல் தூக்கிக் கப்பலில் அடுக்குகின்றன. பார்த்து நிற்கும் முதியவர், "காலம் எவ்வளவு மாறிவிட்டது!" என்கிறார். அவருடைய பேரன் அக்காட்சியைச் செல்பேசியில் படம் பிடித்து, அக்கணமே கடல் கடந்த நாட்டிலிருக்கும் தந்தைக்கு அனுப்பிவிடுகிறான். சற்று நேரத்தில் பேருந்து வருகிறது. இருக்கைக்காக இருவர் முட்டி மோதிச் சொற்போர் புரிகின்றனர். முதியவர் புன்னகைக்கிறார். "மனிதன் மட்டும் மாறவே இல்லை" என்கிறார்.

ஒரே நாழிகையில் ஒரே வாயிலிருந்து பிறந்த இவ்விரு கூற்றுகளுள் எது உண்மை? கருவிகள் மாறியுள்ளன என்பதில் ஐயமில்லை. அவற்றைக் கையில் ஏந்திய மனிதனின் இயல்பு மாறியுள்ளதா? அவன் கூடி வாழும் சமுதாயம் மாறியுள்ளதா? இதுவே இங்கு ஆராயப்படும் பொருள். இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு தொழிலைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குறிப்புகள் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரை.

கொற்கைத் துறையின் சான்று

தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் பாண்டியரின் பெருந்துறையாகக் கொற்கை விளங்கியது. சங்க நூல்கள் அதன் முத்தைப் போற்றுகின்றன. கடல் பின்வாங்கியதால் இன்று அவ்வூர் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைதியாகக் கிடக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடற்பயணம்' என்னும் கிரேக்க நூலும் இத்துறையைக் குறிப்பிடுகிறது. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்பது அந்நூல் தரும் செய்தி. ரோமாபுரிச் சீமாட்டியின் காதணியில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னே, விருப்பமின்றிக் கடலில் இறக்கப்பட்ட ஒருவனின் மூச்சும் இருந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இக்கடற்பகுதியைக் கண்டு எழுதினார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் செல்லும் என்றும், சுறா முதலிய பெருமீன்கள் குளிப்பவரைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்படும் என்றும் அவர் குறிக்கிறார். இவர்களைக் 'கடல் கட்டி' என்று மக்கள் அழைத்தனர். அறிவியலைத் தனதெனப் பெருமை கொண்ட ஆங்கில அரசும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவர்களுக்கு ஊதியம் கொடுத்தது. அவர்கள் கரையில் இல்லையேல் குளிப்பவர் கடலில் இறங்க மறுத்ததே காரணம். ஆபத்தின் முன் நிற்கும் மனிதனுக்கு ஒரு துணை வேண்டும். இன்றும் புத்தம்புதிய மகிழுந்தை வாங்குபவர் அதனை நேரே கோயில் வாயிலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்த பிறகே சாலையில் ஓட்டுகிறார். வண்டியில் காற்றுப்பைகள் உண்டு, பட்டைகள் உண்டு. ஆயினும் உள்ளத்தின் அச்சம் மார்க்கோ போலோ கண்ட அச்சமே.

அச்சம் மட்டுமா? அன்பும் அப்படியே. இதே பொருநைக் கரையிலுள்ள சிவகளையில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழி ஒன்றினுள் நெல்மணிகள் இருந்தன. அமெரிக்க ஆய்வகம் ஒன்று அவற்றைச் சோதித்தது. அவை ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தியவை என்பது 2021இல் அறிவிக்கப்பட்டது. அந்நெல்லை அள்ளி வைத்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. மறைந்தவர் போகுமிடத்தில் பசித்திருக்கலாகாது என்று எண்ணிய நெஞ்சம் மட்டும் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. இன்று வளைகுடா நாட்டிலிருந்து தாயின் இறுதிச் சடங்கைச் செல்பேசித் திரையில் கண்டு கதறும் மகனும் அந்நெஞ்சத்தின் வழித்தோன்றலே.

மூச்சே எல்லையாக இருந்த காலம்

அச்சமும் அன்பும் ஆசையும் மாறவில்லை என்றால், மாறியதுதான் என்ன? இதனை அறிய முத்துக் குளித்தலின் முறையை அறிதல் வேண்டும்.

கடலடியில் பாறைத் திட்டுகள் போன்று பரந்து கிடக்கும் சிப்பிப் படுகைகளைப் 'பார்' என்பர். 'தொலாயிரம் பார்' முதலாகப் பல பார்களுக்கு இக்கரை மக்கள் பெயரிட்டுள்ளனர். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மீது காலூன்றிக் கடலுள் இறங்குவார். அடியில் கிடக்கும் சிப்பிகளை இயன்றவரை விரைந்து பையில் சேர்ப்பார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் இருப்பவர் உடனே இழுத்துக் கரையேற்றுவார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். கயிறு பிடிக்கும் பொறுப்பு மைத்துனனுக்கே உரியது என்பது இக்கரையில் வழிவழியாக வழங்கும் செய்தி. உடன்பிறந்தாளின் மங்கல நாண் அக்கயிற்றின் நுனியில் இருக்கிறது என்பதை அவன் ஒருகணமும் மறவான் அல்லவா?

சிப்பி முதிர்ந்துள்ளதா என்று பார்களை முன்னரே சோதிப்பதும் மரபு. மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பைக் கணக்கிட்ட பிறகே சலாபம் அறிவிக்கப்படும். முதிராத ஆண்டுகளில் கடல் ஓய்வு பெறும்.

இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்தவர் ஆசையற்ற முனிவர் அல்லர். பத்தில் ஒரு பங்கு கேட்ட அரசனுக்கும் ஆசை உண்டு. முத்து வாங்க வந்த வணிகனுக்கும் ஆசை உண்டு. ஆயினும் அவ்வாசைக்கு இயற்கை ஓர் எல்லையைக் கட்டியிருந்தது. மனிதனின் மூச்சே அந்த எல்லை. ஒரு மூச்சுக்கு மேல் எவனும் எடுக்க இயலாது. காற்று எதிர்த்தால் தோணி செல்லாது. இருள் சூழ்ந்தால் வேலை நின்றுவிடும். மனிதன் அடங்கினானோ இல்லையோ, அவனுடைய கை அடங்கியிருந்தது.

தொழில்நுட்பம் செய்த பெருஞ்செயல் இதுவே: அது மனத்தை மாற்றவில்லை, எல்லையை அகற்றியது.

எல்லை நீங்கிய பின்

1943இல் பிரான்சு நாட்டில் குஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் நீருக்கடியில் மூச்சு விடும் கருவியை உருவாக்கினர். பின்னர் உலகெங்கும் கடலடி வேலையின் முறையே மாறியது. இன்று தூத்துக்குடியிலிருந்து சங்கு குளிக்கச் செல்வோர், படகிலுள்ள காற்றழுத்த எந்திரத்திலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்தபடி நீண்ட நேரம் கடலடியில் இருக்க முடிகிறது. மூச்சு என்னும் எல்லை நீங்கியது. ஆனால் அழுத்தக் காற்றை நெடுநேரம் சுவாசித்தவர் விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்த நைட்ரசன் குமிழிகளாகப் பொங்கி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும், முடக்கும், உயிரையும் கொள்ளும். இன்னும் ஒரு சங்கு, இன்னும் ஒரு சங்கு என்று மனம் சொல்லும்போது போதும் என்று சொல்ல அங்கே மூச்சு இல்லை. அச்சொல்லை மனிதனே தனக்குச் சொல்லிக் கொள்ள வேண்டும். மேலே குழாயையும் எந்திரத்தையும் காக்கும் ஒருவரின் நேர்மையும் அன்றைய மைத்துனனின் நேர்மை போலவே தேவைப்படுகிறது. திருக்கோயிலில் சங்கொலி கேட்கும்போது, அச்சங்கை எடுத்து வந்தவரையும் அவருடைய கயிறு பிடித்தவரையும் ஒருகணம் நினைப்பது தகும்.

முத்தின் கதையும் இதுவே. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடைபெற்றது. அதன் பின்னர் அத்தகைய குளிப்பு நடைபெறவில்லை. பார்கள் வளம் குன்றின. நீரோட்டம், பகை உயிரினங்கள், மிகுதியாக எடுத்தல் எனக் காரணங்கள் பல கூறுவர். ஜப்பான் நாட்டு மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் முறையில் வெற்றி கண்டார். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1973இல் அவ்வெற்றியை எய்தினர். 1981இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உண்டாக்கினர். போற்றத்தக்க அருஞ்செயல்! அரசர்க்கே உரியதாயிருந்த முத்து எளியோர் கழுத்துக்கும் வந்தது. ஆயின் மனித மனம் நிறைவெய்தியதா? எல்லோர்க்கும் எட்டியதும் முத்தின் மீதிருந்த மோகம் தளர்ந்து வேறு பொருள்களின் மீது தாவியது. அவாவுக்குப் பொருள் ஒரு சாக்கு. வள்ளுவப் பெருந்தகை அவா அறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பொருள்கள் மாறியும் அவ்வதிகாரம் பழையதாகாமைக்குக் காரணம் இதுவே.

மன்னார் வளைகுடாவின் தீவுகள் இதனை இன்னும் உருக்கமாக உரைக்கும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்து நின்றன. கட்டடங்களுக்கும் சுண்ணாம்புக்கும் அப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தனர். அரண் இழந்த விலாங்குசல்லித் தீவு நீருள் மறைந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து சிறுத்தது. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2015 முதற்கொண்டு வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதனைக் காக்கின்றனர். பாறையை அகற்றியதும் மனிதக் கை. பாறையை வைத்ததும் மனிதக் கை. இடையில் மாறியது எண்ணம்.

நீராவியும் நெஞ்சுரமும்

கருவி ஒன்றே ஆயினும் கருத்து வேறாகலாம் என்பதற்கு வ.உ. சிதம்பரனாரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் தனியாட்சி புரிந்தன. சிதம்பரனார் நீராவியைப் பழிக்கவில்லை. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்தனர். பயணிகளுக்குக் குடையும் கொடுத்ததாகச் சொல்வர். போட்டியாளனை வீழ்த்த முதலில் இலவசம், அவன் வீழ்ந்த பின் கொள்ளை விலை என்னும் சூழ்ச்சி இன்று கணினி வழி வாணிகத்தில் தோன்றிய புதுமை என்று எண்ணுவோர், இத்துறைமுகத்தின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நலம். 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார், செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இரு தரப்புக் கப்பல்களிலும் கொதித்த நீராவி ஒன்றே. ஒன்றில் ஆதிக்கம் பயணம் செய்தது. மற்றொன்றில் ஒரு நாட்டின் மானம் பயணம் செய்தது. இன்று அத்துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கைத்தறியில் நெய்பவன் கை சோர்ந்தால் தறி நிற்கும். ஆலை எந்திரத்துக்குச் சோர்வில்லை; ஆகவே அதன் முன் நிற்கும் மனிதனுக்கும் ஓய்வில்லை. இங்கும் எந்திரம் ஓர் எல்லையை அகற்றியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கூலி உயர்வும் பெற்ற தொழிலாளர், அகற்றப்பட்ட எல்லையை அறத்தின் பெயரால் மீண்டும் நிறுவினர் எனலாம். இன்று விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குச் செல்லாமல் 61 நாட்கள் கரையில் நிற்பதும் அத்தகைய எல்லையே. முன்பு காற்றும் அலையும் மீனுக்குத் தந்த ஓய்வை இன்று மனிதனே விதியாக வகுத்துத் தருகிறான்.

ஆராயாத தீர்ப்பு

இனி, சொல்லுக்கு நேர்ந்ததைக் காண்போம். பாண்டிமாதேவியின் சிலம்பிலும் முத்தே இருந்தது எனச் சிலப்பதிகாரம் உரைக்கும். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உண்மையை அறியச் சிலம்பை உடைத்துப் பார்த்தலே போதுமானதாயிருந்தது. அதற்கு எந்த நுண்கருவியும் வேண்டியதில்லை. அரசன் ஒருகணம் பொறுத்திருந்தால் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். அவன் பொற்கொல்லன் ஒருவனுடைய சொல்லை ஆராயாமல் ஏற்றான். மதுரை எரிந்தது.

2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே நடந்ததை அன்பர் பலர் நாளிதழில் படித்திருப்பர். குழந்தைகளைக் கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவியிருந்த வேளை அது. சென்னையிலிருந்து குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்ற குடும்பத்தார், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தனர். அவர்களைக் கடத்தல்காரர் என்று எண்ணிக் கூட்டம் தாக்கியது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். கும்பிடச் சென்றவர், குழந்தைக்கு இனிப்பு கொடுத்த கை! அக்கூட்டத்தில் இருந்தவர் பலர் கையில் உலகத்து அறிவை எல்லாம் கொண்டுவந்து தரும் கருவி இருந்திருக்கும். காவல் நிலையத்தை ஒரு நொடியில் அழைத்து உண்மை அறிய உதவுவதும் அக்கருவியே. ஆராயும் மனம் மட்டும் இல்லை.

கோவலன் காலத்தில் ஒரு பொய் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்து செல்ல வேண்டும். களைப்பும் தூரமும் அதன் எல்லைகள். இன்று அதற்குக் களைப்பில்லை. இவ்வாறு உயிர்கள் போன பிறகே, அந்நிறுவனம் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு கட்டத் தொடங்கியது. எந்திரம் வகுத்த வரம்பு ஐந்து. அறவோன் வகுக்கும் வரம்பு ஒன்று: உண்மை என்று அறியாததை ஒருவருக்கும் அனுப்பேன் என்பதே அது.

சமுதாயத்தை மாற்றியது எது?

மனித இயல்பு மாறவில்லை என்பதை இதுவரை கண்டோம். சமுதாயம் மாறியிருக்கிறதே, அதுவும் தொழில்நுட்பத்தின் பயன்தானே என்று கேட்கலாம். தக்க கேள்வி. புகைவண்டியையே எடுத்துக்கொள்வோம். 1870களில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை வந்தது. முன்பு ஒரே தெருவில் நடக்கவும் ஒப்பாதவர்கள் ஒரே பெட்டியில் அருகருகே அமர நேர்ந்தது. அது ஒரு மாற்றமே. ஆயின் வண்டியிலிருந்து இறங்கியதும் அவரவர் தெரு அவரவர்க்கு; கோயில் வாயில் ஒருசாரார்க்கு அடைத்தே கிடந்தது. வண்டி வந்த பின்னரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நிலை நீடித்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை உடனழைத்து மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் புகுந்தார். அவ்வாண்டே சட்டமும் பிறந்தது. கதவைத் திறந்தது நீராவியின் ஆற்றலன்று. எதிர்ப்பையும் ஏச்சையும் பொறுத்துக்கொண்ட சிலருடைய மன உறுதி அது. எந்திரம் மக்களை அருகருகே கொண்டு வந்து நிறுத்தும். கைகோக்க வேண்டியவர் அவர்களே.

இதனால் தொழில்நுட்பம் பயனற்றது என்று கொள்ளலாகாது. பெருநோய்களைத் தடுத்த ஊசியையும், கருவுற்ற தாயின் உயிர் காக்கும் அறுவை முறையையும் இகழ்பவன் அறிவிலி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது இக்கடற்கரை முன்னறிவிப்பின்றி நின்றது. 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. ஆயினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, ஆழ்கடலில் நெடுந்தொலைவு சென்றிருந்த கன்னியாகுமரி, கேரள மீனவர் பலர்க்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை, பலர் மாண்டனர். விண்ணிலுள்ள செயற்கைக்கோள் புயலைக் கண்டது. கண்டதைக் கடைக்கோடி மனிதனிடம் சேர்க்கும் அக்கறையே அறிவை அருளாக்குகிறது.

வெள்ளம் சூழ்ந்த இரவு

இறுதியாக, இம்மாவட்டம் மறவாத ஒரு நிகழ்ச்சி. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் பெருமழையால் நிலைகுலைந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் இருப்புப்பாதையின் அடித்தளத்தை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. நிலையத்தார் வண்டியை நிறுத்தியிராவிடின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு நடுங்கும். ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களுள் செந்திலாண்டவனைத் தொழுது திரும்பிய அடியவர் பலர். சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியவரை வெள்ளம் சூழ்ந்துகொண்டது.

மின்சாரம் இல்லை. செல்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெருநகரத்து வசதிகளுக்குப் பழகிய மக்கள், நெல் வைத்த தாழிகள் கிடந்த அதே பொருநைக் கரையில், பசித்த வயிற்றோடு இருந்தனர். அப்போது பக்கத்திலுள்ள புதுக்குடி ஊரார் தங்கள் ஊர்க் கோயிலில் உலை வைத்தனர். அவர்களும் அதே மழையில் நனைந்தவர்களே. இருந்த அரிசியைச் சமைத்து வண்டியில் சிக்கியவர்க்கு உணவளித்தனர். உண்டவர் எச்சாதி, எவ்வூர் என்று எவரும் வினவவில்லை. பின்னர் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொதிகளைக் கொண்டுவந்தன. மீட்புப் படையினர் வந்தனர். 19ஆம் நாள் பயணிகள் மீட்கப்பட்டனர். எந்திரமும் உதவியது, அதன் உதவி வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்தது அடுப்பு மூட்டிய கை. வெள்ளம் எல்லாக் கருவிகளையும் அணைத்த பிறகு, மனிதனிடம் மிஞ்சியது எதுவோ அதுவே அவனுடைய இயல்பு. அன்று மிஞ்சியது அன்பு என்பது இம்மண்ணுக்குப் பெருமை.

முடிவுரை

அன்பர்களே! தொடக்கத்தில் கண்ட முதியவரின் இரு கூற்றுகளுமே உண்மை. காலம் மாறியிருக்கிறது, மனிதன் மாறவில்லை. அவனுள்ளே பேராசையும் பேரன்பும் கொற்கைக் காலத்தில் இருந்தவாறே அருகருகே குடியிருக்கின்றன. மாறியது அவனுடைய கையின் நீளம். நீண்ட கை கொடுத்தால் நெடுந்தொலைவு சென்று கொடுக்கும். பறித்தால் நெடுந்தொலைவு சென்று பறிக்கும். ஆதலால் அறத்தின் தேவை முன்னினும் பன்மடங்கு பெருகியுள்ளது. மூச்சு எல்லையாக இருந்த காலம் போயிற்று. மனமே தனக்கு எல்லை வகுக்க வேண்டிய காலம் இது.

அதற்குப் பெருந்தவம் வேண்டியதில்லை. நாள்தோறும் மூன்று சிறு பழக்கங்கள் போதும். ஒரு செய்தி வந்தால், அனுப்புமுன் சிலம்பை உடைத்துப் பார்ப்பது போல் அதனைத் திறந்து ஆராய்தல் ஒன்று. ஒரு வசதி கையில் கிட்டினால், எதுவரை என்று தானே ஓர் அளவு வகுத்துக் கொள்ளுதல் மற்றொன்று. தன் உழைப்பால் ஆழத்தில் இறங்கியிருக்கும் ஒருவருடைய கயிறு தன் கையில் உள்ளதா என்று நினைந்து பார்த்தல் மூன்றாவது. நம் வீட்டில் வேலை செய்பவர், நம் அலுவலகத்தில் பணி புரிபவர், நமக்காகத் தொலைவில் உழைக்கும் மகன், முதுமையில் தனித்திருக்கும் தாய் என ஒவ்வொருவருடைய கயிறும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அக்கயிறு அசையும்போது உணரும் விரல் வேண்டும்.

மேனியில் உறுத்தும் துகளைச் சிப்பி கடிந்து புலம்புவதில்லை. தன்னுள் சுரக்கும் பொருளால் அடுக்கடுக்காகப் போர்த்தி அதனை முத்தாக்குகிறது. புதுமைகள் நம்மை வந்து உறுத்தும்போது அவற்றை வெறுத்து ஒதுக்காமலும், அவற்றுக்கு அடிமையாகாமலும், உள்ளத்து அறத்தால் போர்த்திப் பயனுள்ளவையாக்கும் திறத்தைக் கடலோரக் கந்தவேள் நம் அனைவர்க்கும் அருள்வானாக!